குரல் திரியப் பாலை திரியும்

தென்னாட்டில் சங்கீதம் பயிலப் புகும் மாணவன் மாயாமாளவகௌளையின் ஏழு ஸ்வரங்களைத் தம்புராவின் சுருதியோடு இழைத்துப் பாடும் சரளி வரிசையிலும், மேனாட்டில் பியானோவின் முன் அமரும் மாணவன் வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திச் செல்லும் ஸி மேஜர் வரிசையிலும் தத்தம் சிட்சையைத் தொடங்குகின்றனர். இரண்டிடத்தும் முதற்பாடமாக அமைவது ஏறி இறங்கும் ஒரு ஸ்வரக்கோவையே. அதனைப் பல மாதம் சாதகம் செய்து, மூன்று காலத்திலும் பிழையின்றிப் பாடவோ வாசிக்கவோ வல்லவனான பின், அந்தக் கோவை தனக்குத் தெரியும் என்று மாணவன் கருதுவது இயல்பே. ஆயினும், அவன் பயின்ற ஸ்வரங்களுள் ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் மாற்றாமலும், ஆதாரமாக நிற்கும் ஸ்வரத்தை மட்டும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்துவிட்டால், அவன் அறிந்ததாக எண்ணிய அதே கோவை அவன் செவிக்கே அந்நியமாகிவிடுகிறது. சற்று முன்பு வரை உவகை தந்த ஒலிகள் இப்பொழுது சோகத்தையோ, அமைதியையோ, காரணம் சொல்ல இயலாத ஓர் ஏக்கத்தையோ எழுப்புகின்றன.

இந்த விந்தைக்குக் காரணத்தை ஆராயப் புகுவோர்க்கு முதலிற் புலனாவது, ஸ்வரங்களின் தொகுதி வேறு, அத்தொகுதி ஓர் ஆதாரத்தைப் பற்றி நிற்கும் நிலை வேறு என்பதாகும். தொகுதியை மட்டும் கருதி நாம் கோவை என்கிறோம். ஆதாரத்தோடு சேர்த்துக் கருதும்பொழுது பழந்தமிழர் அதனைப் பாலை என்றனர், வடமொழி நூலோர் மூர்ச்சனை என்றனர், ஐரோப்பியர் மோடு என்றனர். பெயர்கள் மூன்றாயினும் அவை சுட்டும் நியாயம் ஒன்றே. கோவையைக் கற்பிப்பதில் நாம் காட்டும் சிரத்தையில் பாதியேனும் இந்த நிலைபேற்றைக் கற்பிப்பதில் காட்டுகிறோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. காட்டவில்லை என்பதும், காட்டுவதற்குரிய வழி நம் பழைய நூல்களிலேயே தெளிவாகக் கிடக்கிறது என்பதும் என் துணிபு.

அவ்வழியைக் காண்பதற்குச் சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை. மதுரையின் புறத்தே ஆயர்சேரியில் தீய நிமித்தங்கள் தோன்றக் கண்டு, மாதரி என்னும் இடைமுதுமகள் குரவையாட ஏற்பாடு செய்கிறாள். ஏழு கன்னியர் வட்டமாக நிறுத்தப்படுகின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு ஸ்வரங்களின் பெயர்களே அவர்களுக்குப் பெயர்களாக இடப்படுகின்றன. இன்றைய ஷட்ஜம் முதல் நிஷாதம் வரையுள்ள ஏழும் முறையே இவையே. அவர்களுள் குரலாய் நின்றவளைக் கண்ணன் என்றும், இளியாய் நின்றவளைப் பலராமன் என்றும், துத்தமாய் நின்றவளை நப்பின்னை என்றும் மாதரி குறிக்கிறாள். கதையின் சுவையில் ஈடுபட்டுச் செல்லும் வாசகர்க்கு இது ஒரு பக்தி நாடகமாகவே தோன்றும். இசையறிவோடு நோக்குவார்க்கோ அம்மூன்று பெயர்களின் தேர்வு வியப்பளிக்கும். குரலுக்கு ஐந்தாம் ஸ்வரம் இளி. இளிக்கு ஐந்தாம் ஸ்வரம் துத்தம். ஆகவே கண்ணனும் அவன் தமையனும் தேவியும் நிற்கும் முறை, ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையாகவே அமைந்திருக்கிறது.

ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து மீட்டினால் எழும் ஒலி முதலொலிக்கு ஐந்தாவதாய், அதனோடு மிக இனிமையாக இழைவதாய் இருக்கும் என்பது இயற்கை. இவ்வாறு ஐந்தாவதற்கு ஐந்தாவதாகத் தொடர்ந்து சென்று ஏழு ஸ்வரங்களையும் பெறுவதே இளிக்கிரமம். சிலப்பதிகாரத்தின் உரைவழியாக நமக்குக் கிடைக்கும் பழைய விதியொன்று, இத்தொடரைத் தாரத்தில் தொடங்குகிறது: தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், துத்தத்திலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் தோன்றும் என்பது அதன் சாரம். இந்த விதியின் முக்கியத்துவம் எளிதிற் புலப்படாது. தொடர் தாரத்தில் தொடங்குகிறது என்றால், தாரத்துக்கு ஐந்தாவதாக நிற்பது உழை. உழைக்கு ஐந்தாவதாக நிற்பது குரல். குரலைத் தன் பஞ்சமமாகக் கொள்ளும் மத்தியமம் சுத்த மத்தியமமே. அந்தச் சுத்த மத்தியமத்தைத் தன் பஞ்சமமாகக் கொள்ளும் நிஷாதம் கைசிகி நிஷாதமே. காகலி நிஷாதம் அன்று. அப்படியானால், குரலே ஆதாரமாக நிற்கும் செம்பாலை என்பது சதுச்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் சுத்த மத்தியமமும் சதுச்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும் உடைய அரிகாம்போதியே என்பது பெறப்படும். செம்பாலையைச் சங்கராபரணம் என்று கொண்ட அறிஞரும் உளர். அவர்கள் கூற்றுக்கு இந்தப் பிறப்பு முறையொன்றே போதிய தடையாகும் என்று நினைக்கிறேன். சங்கராபரணமாயின் தொடர் உழையில் தொடங்கித் தாரத்தில் முடிந்திருக்க வேண்டும்.

செம்பாலை நிலைபெற்றுவிட்டால் மற்ற ஆறு பாலைகளும் கணக்கின் முடிவுபோல் தாமே வந்து நிற்கின்றன. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் எழுவது படுமலைப்பாலை. இன்று அதற்கு நடபைரவி என்று பெயர். உழை குரலானால் அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இளி குரலானால் கோடிப்பாலை, நம் கரகரப்பிரியா. விளரி குரலானால் விளரிப்பாலை, நம் தோடி. தாரம் குரலானால் மேற்செம்பாலை, நம் கல்யாணி. கர்நாடக சங்கீதத்தின் பெரும் இராகங்களுள் கல்யாணி, சங்கராபரணம், தோடி, கரகரப்பிரியா என்னும் நான்கும் ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்பதை ஒருவன் முதன்முறை உணரும்பொழுது, இசை இலக்கணத்தில் அதைப்போன்ற ஆனந்தம் வேறு கிடைப்பதரிது. பன்னிரண்டு வீடுகளாகப் பகுக்கப்பட்ட வட்டத்தில் ஏழு ஸ்வரங்களையும் அவற்றிற்குரிய இராசிகளில் நிறுத்தி உரையாசிரியர்கள் இதனை விளக்கியதற்கு வட்டப்பாலை என்று பெயர். அவர்கள் ஸ்வரங்களை வரியாக எழுதாமல் வட்டமாக நிறுத்தியது ஆழ்ந்த கருத்துடையது. வரிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, வட்டத்திலோ எங்கும் தொடங்கலாம்.

மேலே ஆறு பாலைகளையே கூறினேன். எஞ்சிய ஒன்று, கைக்கிளையைக் குரலாகக் கொள்ளும் செவ்வழிப்பாலை. கைக்கிளையை ஆதாரமாக்கினால் அதற்குரிய பஞ்சமம் கோவையில் இல்லை. பஞ்சமம் இருக்கவேண்டிய இடத்துக்கு அரை ஸ்வரம் கீழே, பிரதி மத்தியமத்தின் தானத்தில், தாரம் நிற்கிறது. ஆகவே இந்தப் பாலைக்கு இரண்டு மத்தியமங்கள் உண்டு, பஞ்சமம் இல்லை. ஆராய்ச்சியாளர் இதனை இருமத்திமத் தோடி என்று வழங்குகின்றனர். இக்குறை எதனால் நேர்ந்தது? இளிக்கிரமத் தொடரை மீண்டும் நோக்கினால் விடை கிடைக்கும். தாரத்தில் தொடங்கிய தொடர் கைக்கிளையில் முடிகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்து நிற்பது அதன் பஞ்சமமாதலால், கடைசியாய் நிற்கும் கைக்கிளைக்கு மட்டும் பஞ்சமமாக அமைய அடுத்ததொரு ஸ்வரம் இல்லாது போயிற்று. எத்தனை நாட்டினர் எத்தனை முறை ஏழு ஸ்வரங்களை இவ்வாறு தொடுத்தாலும், ஏழாவது நிலையில் இந்த வெற்றிடம் தோன்றியே தீரும்.

தோன்றியும் இருக்கிறது. 1547ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டின் பேஸல் நகரில் ஹைன்ரிக் கிளாரியான் என்னும் பேரறிஞர் ‘டோடெகாகார்டன்’ என்னும் நூலை வெளியிட்டார். அவர் காலம் வரையில் கிறிஸ்தவ ஆலயங்களின் கீதங்கள் எட்டு மோடுகளாகவே வகுக்கப்பட்டிருந்தன. டி, இ, எஃப், ஜி என்னும் நான்கு ஸ்வரங்களுள் ஒன்றில் ஒவ்வொரு கீதமும் முடியும். முடிவிடத்துக்கு மேலே சஞ்சரிப்பது ஒன்று, அதன் இருபுறமும் சஞ்சரிப்பது ஒன்று என நான்கும் இரட்டித்து எட்டாயின. ஜனங்கள் உண்மையிற் பாடி மகிழும் பாட்டுக்களில் பல ஏ, ஸி என்னும் ஸ்வரங்களில் நிலைகொள்வதைக் கண்ட கிளாரியான், அவற்றுக்கு ஏயோலியன், ஐயோனியன் எனப் பெயரிட்டு, மோடுகளைப் பன்னிரண்டாக்கினார். எஞ்சி நின்ற பி என்னும் ஸ்வரத்தை ஆதாரமாக்க அவர் இசையவில்லை. அதற்குச் சமமான பஞ்சமம் இல்லை என்பதே காரணம். பிற்காலத்தார் லோக்ரியன் என்று பெயரிட்டு ஏட்டில் இடம் கொடுத்த அந்த மோடு நம் செவ்வழிப்பாலையே அன்றி வேறன்று. கிளாரியான் ஏற்ற ஆறு ஆதாரங்களையும் தமிழ்ப் பெயரால் கூறினால், ஐயோனியன் அரும்பாலை, டோரியன் கோடிப்பாலை, பிரிஜியன் விளரிப்பாலை, லிடியன் மேற்செம்பாலை, மிக்ஸோலிடியன் செம்பாலை, ஏயோலியன் படுமலைப்பாலை என வரும்.

இந்த ஒற்றுமை வட இந்தியாவிலும் தொடர்கிறது. மகாராஷ்டிரத்தின் விஷ்ணு நாராயண பாத்கண்டே, தென்னாட்டு யாத்திரையில் எட்டயபுரம் சென்று சுப்பராம தீட்சிதரைச் சந்தித்து, பின்னர்க் கூறவிருக்கும் வேங்கடமகியின் மேள முறையை அறிந்து, இந்துஸ்தானி ராகங்களைப் பத்துத் தாட்டுகளாக வகுத்தார். அப்பத்தில் பிலாவல், கல்யாண், கமாஜ், காபி, ஆசாவரி, பைரவி என்னும் ஆறும் மேற்சொன்ன ஆறு பாலைகளேயாகும். சேரநாட்டு அடிகள் பாடிய காவியத்திலும், பேஸல் நகரத்து அச்சுப் புத்தகத்திலும், இருபதாம் நூற்றாண்டின் பம்பாய் வித்துவானுடைய ஆராய்ச்சியிலும் அதே ஆறு நிலைகள் தோன்றுவதைக் கண்டு, ஒருவர் மற்றொருவரிடம் கடன் பெற்றனர் என்று வாதிப்பது வீண். மூன்றில் இரண்டு என்னும் நரம்பின் அளவு எல்லா நாட்டிலும் ஒன்றாதலால், அதிலிருந்து எழும் முடிவும் ஒன்றாயிற்று.

பெயர்களைப் பற்றி மாத்திரம் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுவது நலம். கிரேக்கர் டோரியன் என்றதும் பிரிஜியன் என்றதும் இன்று அப்பெயர்களால் வழங்குவன அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டு அளவில் ஆலய இசையை எழுதியோர் பழைய பெயர்களை எடுத்துப் புதிய மோடுகளுக்கு இட்டபொழுது, அவை இடம் மாறிவிட்டன. பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில், லிடியனும் ஐயோனியனும் மக்களை மென்மைப்படுத்தும் என விலக்கி, டோரியனையும் பிரிஜியனையும் போர்வீரர்க்கும் அமைதியாளர்க்கும் உரியனவாக ஏற்றதை எடுத்துக்காட்டி, இன்றைய டோரியனுக்கு வீரச்சுவை கற்பிப்பவர்கள் இதனால் தவறுகின்றனர். நம்மிடத்தும் அத்தகைய பெயர்ச்சி உண்டு: தேவாரத்தில் செவ்வழி என்னும் பண்ணை ஓதுவார்கள் யதுகுலகாம்போதியிற் பாடுகின்றனர், அது மேற்கூறிய செவ்வழிப்பாலையன்று. வடக்கே பைரவி எனப்படுவது நம் தோடியின் கோவை. வடக்கே தோடி எனப்படுவதோ நம் சுபபந்துவராளியின் கோவை. ஆகையால் பெயரை நம்பாமல், ஆதாரத்துக்கும் மற்ற ஸ்வரங்களுக்கும் உள்ள இடைவெளியையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும்.

இத்துணைத் தெளிவான பாலைத் திரிபு நம் சிட்சா முறையினின்று எவ்வாறு நழுவியது? வாத்தியத்தின் மாறுதலே தலைமையான காரணம் என்று கருதுகிறேன். யாழ் என்பது நரம்புக்கு ஒரு ஸ்வரமாகக் கட்டப்பட்ட கருவி. அதிலே எல்லா நரம்புகளும் கண்முன் ஒருசேர நிற்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைக் குரலாகக் கொள்ளுதல் விரலுக்கும் செவிக்கும் இயல்பாய் இருந்தது. நாளடைவில் யாழ் வழக்கொழிந்தது. மெட்டுக்களையுடைய வீணை மேலோங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்துத் தஞ்சையில் இருபத்து நான்கு மெட்டுக்கள் நிலையாக அமைந்த வீணை உருப்பெற்றது என்பர். அதில் ஒரு தந்தியின் ஷட்ஜம் அசையாமல் நிற்க, அதன்மேல் பன்னிரண்டு தானங்களும் வரிசையாகக் காட்சியளிக்கின்றன. இக்காட்சியைக் கண்டவனுக்கு எழும் கேள்வி, எந்த ஸ்வரத்தைக் குரலாக்கலாம் என்பதன்று. நிலைத்த ஷட்ஜத்தின்மேல் எத்தனை விதமாக மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே. இரகுநாதரின் மந்திரியாயிருந்த கோவிந்த தீட்சிதரின் புதல்வர் வேங்கடமகி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் அக்கேள்விக்கு முழு விடை அளித்தார். பூர்வாங்கத்தில் ஆறு, உத்தராங்கத்தில் ஆறு, மத்தியமத்தில் இரண்டு எனப் பெருக்கி எழுபத்திரண்டு மேளங்களை அவர் கண்டது இந்திய அறிவின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. அவர் காலத்தில் வழக்கிலிருந்தவை பத்தொன்பதே. மற்றவை பின்வருவோர்க்காகக் காத்திருந்தன. ஆனால் அந்தப் பெருக்கல் வாய்பாட்டில் பஞ்சமம் இன்றியமையாதது. ஆதலின் செவ்வழிப்பாலைக்கு அதில் இடமில்லை. மேலும், கல்யாணி அறுபத்தைந்தாவதாகவும் தோடி எட்டாவதாகவும் வெகுதூரம் பிரிந்து நிற்பதால், அவை ஓர் ஆதாரப் பெயர்ச்சியால் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்னும் உறவு அட்டவணையைப் படிப்பவன் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

மறைந்த அவ்வறிவை மீட்டவர்களுள் இருவரை நன்றியோடு நினைத்தல் நம் கடமை. தஞ்சையில் மருத்துவராயிருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் சங்கீத மாநாடுகளைத் தம் பொருட்செலவில் கூட்டி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் முடிவுகள் அனைத்தையும் பின்வந்தோர் ஏற்கவில்லையெனினும், சிலப்பதிகாரத்து உரைகளை இசை நூலாகப் படிக்கவேண்டும் என்று அறிஞருலகைத் திருப்பியவர் அவரே. ஈழத்துக் காரைதீவிற் பிறந்து, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேர்ந்து, துறவு பூண்ட விபுலானந்த அடிகள், மறைந்த யாழின் உருவையும் நரம்பளவையும் உரைகளினின்று கணித முறையால் மீட்டெழுதிய ‘யாழ்நூல்’ 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். உடல் தளர்ந்த நிலையிலும் அரங்கேற்றத்தைக் கண்டு சென்ற அப்பெரியாரின் நூல் இன்றும் நம் சங்கீத வித்தியாலயங்களில் பாடமாக நடைபெறுவதைவிடப் பெயரளவில் போற்றப்படுவதே அதிகம்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். ஆதாரத்தின் ஆட்சியை உணர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஸ்வரங்களை மாற்றாமல் ஆதாரத்தை மாற்றுவது ஒன்று. ஆதாரத்தை மாற்றாமல் ஸ்வரங்களை மாற்றுவது மற்றொன்று. முன்னது பாலைகளின் உறவைக் காட்டும். பின்னது அவற்றின் குணத்தைக் காட்டும். மேனாட்டுப் பாடசாலைகளில் டோரியன் என்பது வெள்ளைக் கட்டைகளில் டி முதல் டி வரை வாசிப்பது என்று கற்பித்து அமைகின்றனர். அவ்வாறு கற்ற மாணவன் தொடங்கியது டியாயினும் அவன் செவி ஸியையே தேடி நிற்கும். ஆதலால் அவன் வாசிப்பது டோரியனன்று, நடுவே தொடங்கிய ஸி மேஜரே. கோவையைக் கைகள் அறிந்தும் செவி அறியாத நிலை இது. தம்புரா இடைவிடாது ஒலிக்கும் நம் நாட்டிலோ, ஆதாரம் ஒருகணமும் செவியை விட்டு நீங்காத பெரும்பேறு உண்டு. தம்புராவை நிலைத்த சுருதியில் வைத்துப் பின்வழியையும், தம்புராவையே வேறு ஸ்வரத்துக்கு மாற்றிக் கூட்டி முன்வழியையும் பயிற்றினால், இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும்.

பின்வழிக்கு மிக அழகிய வரிசையொன்று உண்டு. நிலைத்த ஷட்ஜத்தின்மேல் கல்யாணியைப் பாடுக. அதில் பிரதி மத்தியமத்தை மட்டும் அரை ஸ்வரம் இறக்கிச் சுத்த மத்தியமமாக்கினால் சங்கராபரணம். அதில் காகலி நிஷாதத்தை இறக்கினால் அரிகாம்போதி. அதில் காந்தாரத்தை இறக்கினால் கரகரப்பிரியா. அதில் தைவதத்தை இறக்கினால் நடபைரவி. அதில் ரிஷபத்தை இறக்கினால் தோடி. ஒவ்வொரு படியிலும் மாறுவது ஒரே ஸ்வரம். ஒவ்வொரு மாறுதலிலும் ஒளி சிறிது மங்கி நிழல் சிறிது அடர்கிறது. தோடிக்குப் பின் இறக்குவதற்கு எஞ்சியது பஞ்சமம் ஒன்றே; அதனை இறக்கினால் பஞ்சமமற்ற செவ்வழிப்பாலை. அதற்கும் அப்பால் ஷட்ஜத்தையே அரை ஸ்வரம் இறக்கினால், ஆதாரம் கீழே பெயர்ந்து மீண்டும் கல்யாணி தோன்றி வட்டம் நிறைவுறும். ஏழு பாலைகளையும் இம்முறையில் ஒருவன் பாடிப் பழகுவானாயின், ஒவ்வொரு ஸ்வர தானமும் தன் இயல்பினாலே செவியிற் பதியும். மேள எண்ணை மனப்பாடம் செய்து பெறும் அறிவு அதற்கு ஈடாகாது.

பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துக் கீதோ என்னும் துறவி செய்ததும் இதனோடு ஒத்ததே. யோவானைத் துதிக்கும் கீதமொன்றின் அடிகள் முறையே ஒவ்வொரு ஸ்வரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவ்வடிகளின் முதலசைகளாகிய உத், ரே, மி, பா, ஸோல், லா என்பவற்றை ஆறு ஸ்வரங்களுக்குப் பெயராக்கினார். அந்த ஆறில் அரை ஸ்வர இடைவெளி மிக்கும் பாவுக்கும் நடுவே ஒன்றே உண்டு. அந்த இடைவெளி எங்கே வருகிறதென்று மாணவன் கேட்டறிந்து, பாட்டின் போக்குக்கேற்பப் பெயர்களைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பத்தாண்டிலும் கைகூடாத பாட்டுப் பயிற்சி இதனால் ஓரிரண்டு ஆண்டில் கைகூடும் என்று கீதோ எழுதினார். அவர் பயிற்றியது இடத்தை உணரும் அறிவாதலால் அக்கூற்றை நான் மிகையென்று கொள்ளேன்.

இவ்விடத்தில் மாயாமாளவகௌளையைப் பற்றி ஒரு வார்த்தை. புரந்தரதாசர் அதனை முதற்பாடமாக்கினார் என்னும் சம்பிரதாயத்தை மறுப்பது என் நோக்கமன்று. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அமைப்புடையவையாதலின், நான்கு ஸ்வரங்களைக் கற்றவன் மற்ற நான்கையும் கற்றவனாகிறான். அரை ஸ்வரமும் அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து வருவதால் குரல் பண்படுகிறது. ஆனால் ஆதாரப் பெயர்ச்சிக்கு அது வளமான நிலமன்று. அதன் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் ரசிகப்பிரியாவும், மத்தியமத்தை ஆதாரமாக்கினால் சிம்மேந்திர மத்தியமமும் கிடைக்கும். வேறு மேளம் கிடைக்காது. ஆகவே அலங்காரங்கள் முடிந்தவுடன், கீதத்துக்குப் போகும் முன்னரோ அதனோடு கூடவோ, அரிகாம்போதியில் சரளி வரிசையைப் பயிற்றி, அதிலிருந்து பாலைகளைத் திரித்துக் காட்டவேண்டும் என்பது என் கருத்து. சிறுவர்க்கு அது கடினமெனின், மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் தொடங்கலாம். அதன் ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம் என்பவற்றை முறையே ஆதாரமாக்கினால் மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்பன பிறக்கும். ஐந்து ஸ்வரங்களில் ஐந்து இராகங்கள் கிடைப்பதைக் கேட்ட குழந்தை அதனை மறக்காது. இன்று கிரக பேதம் என்னும் பெயரில் இது கச்சேரியில் வித்துவானுடைய சாமர்த்தியத்தைக் காட்டும் அலங்காரமாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. பள்ளியின் முதலாண்டில் இருக்கவேண்டியது மேடையின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது.

இவ்வளவு கூறியபின், பாலையறிவு இராக அறிவாகாது என்பதையும் அதே உறுதியோடு கூறவேண்டும். தோடியின் ஏழு ஸ்வரங்களை அசைவின்றி ஒருவன் பாடினால் எழுவது பிரிஜியன் மோடேயன்றித் தோடியன்று. அதன் காந்தாரம் கமகத்தோடு ஊசலாடும்பொழுதே தோடி பிறக்கிறது. சங்கராபரணத்தின் காந்தாரமோ அசையாமல் நின்றே அழகு பெறுகிறது. பைரவி ஒரு பாலைக்குள்ளும் அடங்காமல் இரண்டு தைவதங்களையும் தனக்குரிய பிரயோகங்களில் ஏற்கிறது. சகானா, ஆனந்தபைரவி, ரீதிகௌளை முதலியவற்றின் ஆரோகண அவரோகணத்தை எழுதிக்காட்டி அவற்றைக் கற்பித்துவிட்டதாக எண்ணுவோர், மாணவனுக்கு எழுத்தைத் தந்து வாக்கியத்தை மறைத்தவராவர். மேனாட்டு ஆலய கீதங்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும்; முடிவு ஸ்வரம், நீண்டு நின்று ஓதப்படும் ஸ்வரம், வழக்கமான தொடக்கமும் முடிப்பும் ஆகியவை சேர்ந்தே ஒரு மோடாகக் கருதப்பட்டன. நெடுங்காலம் மேஜர், மைனர் என்னும் இரண்டில் ஒடுங்கிக் கிடந்த அவ்வறிவு, இருபதாம் நூற்றாண்டில் பலவிடத்தும் மீண்டெழுந்தது. 1959இல் ஜாஸ் வித்துவான் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட இசைத்தட்டின் முதற்பாட்டில் 16 தாளக் கட்டங்கள் டோரியனில் நின்று, அடுத்த 8 கட்டங்கள் அதே மோடில் அரை ஸ்வரம் உயர்ந்து ஒலித்து, இறுதி 8 கட்டங்கள் பழைய இடத்துக்கே மீள்கின்றன. ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டே போகாமல், ஒரு நிலையில் நின்று அதன் வளத்தைத் தேடும் அந்த முறை, ஆலாபனை கேட்டுப் பழகிய செவிக்கு அந்நியமாகத் தோன்றாது.

நிலையையும் பிரயோகத்தையும் ஒருங்கே கற்பித்த பழம் பாடமொன்று புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் பாறையிற் பொறிக்கப்பட்டுக் கிடக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் பல்லவ கிரந்த எழுத்தில், ருத்திராசாரியரின் மாணவனும் பரம மாகேசுவரனுமாகிய அரசன் ஒருவன், மாணாக்கர் நன்மைக்காக இதனைச் செய்ததாக அது கூறுகிறது. அவ்வரசன் மகேந்திரவர்மனே என்று பலர் கருதுவர். ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகள் அதில் உள்ளன. ஆரோகணம் இது, அவரோகணம் இது என்று அவ்வரசன் எழுதவில்லை. நான்கு நான்கு ஸ்வரங்களாகச் சேர்ந்த கொத்துக்களையே அடுத்தடுத்துப் பொறித்தான். ஒவ்வொரு வரியிலும் கொத்துக்கள் ஒரே முடிவு ஸ்வரத்தில் வந்து நிற்கின்றன. ஒரே ஸ்வரத்தின் வேறுபாடுகளை அ, இ, உ, எ என்னும் உயிர்களை மாற்றிச் சேர்த்துக் காட்டினான். பாறையின் எதிரே நின்று அதனைப் பாடிப் பயின்ற மாணவன், முடிவு ஸ்வரம் மாறுந்தோறும் நிலை மாறுவதையும், ஒவ்வோர் இராகமும் தனக்கே உரிய பிடிகளால் நடப்பதையும் ஒரே பயிற்சியில் பெற்றிருப்பான்.